தொட்டிச் சுவரில் தமிழரசியின் எண்

ஒதியமேட்டுக் குப்பத்துத் தமிழரசிக்கு அதுவரைக்கும் போன் என்று வந்தால் வீட்டு ஆட்களிடமிருந்துதான் வரும். கடலுக்குப் போன புருஷன் நீலமேகம் கரையேறியதும் கூப்பிடுவான். பாலிடெக்னிக் விடுதியில் தங்கிப் படிக்கிற மகன் விஷால் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவான். மிஞ்சிப்போனால் அவள் வேலை பார்க்கிற ஓட்டலின் சூப்பர்வைசர். மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலைப் பார்த்தபடி இருந்த அந்த ஓட்டலில் துணி அறை அவள் பொறுப்பு. வெள்ளைக்காரர்களும் ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகளும் புரண்டு எழுந்த படுக்கை விரிப்புகள் சலவைக்குப் போய் வரும். அவற்றைக் கறை பார்த்து, மடித்து, அடுக்கி வைக்க வேண்டும். வேலை நேரத்தில் போனைப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுவிட வேண்டும் என்பது அங்கே சட்டம்.

மாசி மாதத்தில் ஒரு காலை, முன்பின் தெரியாத ஆள் ஒருவர் அவளைக் கூப்பிட்டு, ஹலோ கூடச் சொல்லாமல், தண்ணீர் வந்து நாலு நாளாகிறது, மனுஷன் குளிக்கிறதா வேண்டாமா என்று கேட்டார். ராங் நம்பர் என்று வைத்துவிட்டாள். அரைமணி கழித்து ஒரு பெண் கூப்பிட்டு, தெருவிளக்கு எரியவில்லை என்றாள். சாயந்திரம் டப்பாவிலிருந்து போனை எடுத்தபோது யார் யாரோ கூப்பிட்டிருந்தார்கள். ஒரு வாரம் இப்படியே போனது. கடைசியில் அவர்களில் ஒருவரிடமே, இந்த நம்பரை உங்களுக்கு யார் கொடுத்தது என்று கேட்டாள். தொட்டியிலேயே எழுதிப் போட்டிருக்கிறீர்கள், எங்களைக் கேட்கிறீர்களே என்று அவர் எரிந்து விழுந்தார்.

ஈ.சி.ஆரைத் தாண்டி மேற்கே காலனி. காலனி முனையில்தான் ஊராட்சியின் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி. வேலை முடிந்து வருகிற வழியில் இறங்கிப் போய்ப் பார்த்தாள். தொட்டிக்குக் கீழே மோட்டார் அறைச் சுவருக்குப் புதிதாக வெள்ளையடித்திருந்தார்கள். குடிநீர், தெருவிளக்கு, குப்பை குறித்த புகார்களுக்கு என்று நீல நிறத்தில் கொட்டை எழுத்து. அதற்குக் கீழே அவளுடைய பத்து இலக்கம். பெயர் இல்லை, பதவி இல்லை. தன் சேலையை வேறொருத்தி கட்டிக்கொண்டு தெருவில் போவதைப் பார்த்தது போல் இருந்தது அவளுக்கு. கிட்டே போய் விரலால் தேய்த்துப் பார்த்தாள். பெயிண்ட் நன்றாகக் காய்ந்திருந்தது.

ஊராட்சி செயலர் ராமானுஜம் நல்ல மாதிரியான மனிதர் என்றுதான் ஊரில் பெயர். யாரையும் அதட்டிப் பேச மாட்டார். போன வருஷம் வீட்டு வரியைப் பெயர் மாற்ற அவள் மனுக் கொடுத்தபோதும் உட்காரச் சொல்லித்தான் பேசினார். அந்த மனுவில்தான் தன் போன் நம்பரை எழுதியிருந்தாள். அந்த ஆபீசுக்கு அவள் நம்பர் போனது அந்த ஒரு தடவைதான். இப்போதும் ராமானுஜம் பதறாமல் கேட்டுக்கொண்டார். பெயிண்டர் பயல் தப்பாக எழுதிவிட்டான் போலிருக்கிறது, ரெண்டு நாளில் மாற்றிவிடலாம் என்றார். அவள் நன்றி சொல்லிவிட்டு வந்தாள்.

ரெண்டு நாள் போய் ரெண்டு மாதம் ஆனது. ஒவ்வொரு முறை போகும்போதும் ஒரு காரணம் இருந்தது. பெயிண்டர் ஊரில் இல்லை. தலைவர் கையெழுத்துப் போட வேண்டும். கூட்டத்தில் தீர்மானம் வைக்க வேண்டும். நீலமேகத்துக்குப் பொறுமை போய்விட்டது. ஆம்பளைகள் நேரங்காலம் இல்லாமல் அவளைக் கூப்பிடுவது அவனுக்குப் பிடிக்கவில்லை. குடித்துவிட்டுக் கூப்பிடுகிறவர்கள் புகாரோடு நிறுத்திக்கொள்வதும் இல்லை. சிம்மைக் கழற்றிக் கடலில் போடு என்றான்.

"எங்க போட்றது? பேங்கு இதுல கீது, கேஸு இதுல கீது, ரேஷன் கார்டு, பையன் ஸ்காலர்ஷிப்பு எல்லாம் இதுலதான் கீது. அவங்க தப்பு பண்ணதுக்கு நான் இன்னாத்துக்கு நம்பர மாத்தணும்?" என்றாள் தமிழரசி. அவன் நண்டு வலையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

முதலில் எல்லாம், இது ஆபீஸ் நம்பர் இல்லை, நான் ஓட்டலில் வேலை பார்க்கிறவள் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிப் பார்த்தாள். யாரும் நம்பவில்லை. தட்டிக் கழிக்கிறாள் என்று நினைத்து இன்னும் கோபமாகப் பேசினார்கள். சிலர் கெட்ட வார்த்தை சொன்னார்கள். விளக்கம் சொல்வதைவிட, சரி, சொல்கிறேன் என்று சொல்வது சுலபமாக இருந்தது. அப்படிச் சொன்னதும் மறுமுனையில் இருந்தவர்களின் குரல் தணிந்தது. அவளும் சொன்ன சொல்லுக்காக ராமானுஜத்தைக் கூப்பிட்டுச் சொன்னாள். அவர் எடுக்காத நாளில் வேலை விட்டு வரும் வழியில் ஆபீசுக்கே போய்ச் சொன்னாள். சில சமயம் மறுநாள் தண்ணீர் வந்தது. வந்தால் யாராவது ஒருவர் கூப்பிட்டு, மேடம் வந்துடுச்சு என்பார்கள். பத்தாவதோடு நின்றுபோன தமிழரசியை அதுவரைக்கும் யாரும் மேடம் என்றதில்லை. ஓட்டலில் அவள்தான் எல்லாரையும் மேடம் என்பாள். அந்தச் சொல் காதில் விழும்போது உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி இருந்ததை அவள் நீலமேகத்திடம்கூடச் சொன்னதில்லை.

காலனியிலிருந்து ஜாய்ஸ் என்ற பெண் முதன்முதலில் கூப்பிட்டது ஆடி மாதத்தில். சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு பெரிய கம்பெனியில் அவளுக்கு வேலை. விடிவதற்கு முன்னால் கம்பெனி பஸ் வரும். பஸ் ஏறுகிற இடத்தில் ஊராட்சி நட்ட இரும்பு விளக்குக் கம்பம் ஒன்று இருக்கிறது. அடியில் மூடி கழன்று ஒயர் வெளியே தொங்குகிறது. ஈரமாக இருந்தால் ஷாக் அடிக்கிறது என்று அந்தப் பெண் பொறுமையாக எடுத்துச் சொன்னாள். முடிக்கும்போது தேங்க்ஸ் மேடம் என்றாள். தமிழரசி அன்றைக்கே ராமானுஜத்திடம் சொன்னாள். எழுதிக்கொள்கிறேன் என்றார். எழுதினாரா என்று அவள் பார்க்கவில்லை.

ஆவணியில் ஜாய்ஸ் மறுபடி கூப்பிட்டாள். ஒரு நாய் அந்தக் கம்பத்தடியில் செத்துக் கிடந்ததாகச் சொன்னாள். இந்த முறை தமிழரசி ஆபீசுக்கே போய்விட்டாள். கரண்ட் ஆபீசுக்குச் சொல்லியாச்சு, அவர்கள் லைனை நிறுத்தினால்தான் நம் ஆள் கை வைக்க முடியும் என்றார் ராமானுஜம். புரட்டாசி கடைசியில், மழை தொடங்குகிற சமயத்தில் மூன்றாம் முறை. அதற்குள் ராமானுஜம் நாளைக்குக் கட்டாயம் ஆள் போகும் என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

"நாளைக்கு ஆள் வருவாங்கம்மா. நீ கவலப்படாத" என்று தமிழரசி ஜாய்ஸிடம் சொன்னாள்.

ஐப்பசியில் விடாமல் பெய்தது. ஒரு நாள் மத்தியானம் துணி அறைக்குள் சூப்பர்வைசரே வந்து, உன் போன் டப்பாவில் கத்திக்கொண்டே இருக்கிறது, எடுத்துத் தொலை என்றார். ஜாய்ஸின் நம்பர்.

"மேடம், நான் ஜாய்ஸ். அந்தக் கம்பத்தப் பத்திச் சொல்லிகினே இருந்தேன்ல" என்றாள். குரலில் அழுகை இல்லை. "இன்னிக்குக் காலைல எங்கப்பா என்னைய பஸ் ஏத்திவிட வந்தாரு. தண்ணி நின்னுச்சு. வழுக்கிச்சுன்னு அதப் புடிச்சிட்டாரு. இப்ப செங்கல்பட்டு ஜி.எச்ல மார்ச்சுவரி வாசல்ல நிக்கிறேன். இப்பவாவது ஆள் வருவாங்களா மேடம்?"

தமிழரசி, நான் ஆபீஸ் இல்லம்மா என்று எப்படியோ சொன்னாள். அதைச் சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று தெரிந்தது. மறுமுனையில் கொஞ்ச நேரம் மழைச் சத்தமும் யாரோ ஸ்ட்ரெச்சர் தள்ளும் சத்தமும் கேட்டன. பிறகு போன் நின்றுவிட்டது. அவள் அன்று மடித்த விரிப்புகள் எல்லாம் கோணலாக இருந்தன என்று சாயந்திரம் திட்டு வாங்கினாள்.

ஜாய்ஸின் அப்பா ஏசுதாஸ் ஒரு காலத்தில் திருக்கழுக்குன்றம் பக்கம் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு உழைத்தவர். நிலமெல்லாம் மனையான பிறகு ஒரு பங்களாவில் வாட்ச்மேன். பெண்ணை டிப்ளமோ படிக்க வைத்து, கம்பெனி யூனிபார்மில் பார்த்துவிட்டார். ராத்திரி டூட்டியிலிருந்து திரும்பியதும், இருட்டில் தனியாக நிற்கிறாளே என்று தினமும் கூட வந்து அவளைப் பஸ் ஏற்றிவிட்டுத்தான் படுக்கப் போவார். இதெல்லாம் தமிழரசிக்குப் பிற்பாடு தெரிந்தது.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து ஜாய்ஸ் தம்பி சாமோடு பைக்கில் குப்பத்துக்கு வந்தாள். புகார் மேடம் வீடு எது என்று கேட்டுக்கொண்டே வந்திருக்கிறார்கள். இரும்புக் கேட் வைத்த வீடாக, ஜீப் நிற்கிற வாசலாக இருக்கும் என்று நினைத்திருப்பாள் போலும். தார்ப்பாய் போட்ட சமையல்கட்டும், கொடியில் தொங்கும் ஓட்டல் யூனிபார்மும், நண்டு நாற்றமும் அவளைத் திகைக்க வைத்தன. தமிழரசி முழுக் கதையையும் சொன்னாள். தொட்டிச் சுவர், பெயிண்டர், தீர்மானம், எல்லாம். ஜாய்ஸ் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"நீங்க ஆபீஸ் இல்லன்னு மொதல் நாளே சொல்லியிருந்தா நான் நேராப் போயி எழுதிக் குடுத்திருப்பேனே அக்கா" என்றாள் கடைசியில்.

அந்த வாக்கியம் பல நாள் தமிழரசிக்குச் சோறு இறங்க விடவில்லை. யாரும் அவளை அடிக்கவில்லை, வையவில்லை. அந்தப் பெண் அக்கா என்றுதான் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை.

சாவு என்றால் விசாரணை வரும். வந்தது. அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து கம்பத்தைப் பார்த்தார். பார்ப்பதற்கு முந்தின நாளே புதுக் கம்பம் நட்டிருந்தார்கள். தமிழரசியையும் ஆபீசுக்கு அழைத்துப் பெயர், வயது, முகவரி எழுதிக்கொண்டார்கள். நடந்ததைச் சொன்னாள். தலையாட்டிக் கேட்டார்கள். மாதக் கடைசியில் அறிக்கையின் நகல் ஏசுதாஸின் குடும்பத்துக்கு வந்தபோது ஜாய்ஸ் அதைக் கொண்டுவந்து காட்டினாள். எழுத்துமூலம் புகார் எதுவும் அலுவலகத்துக்கு வரவில்லை; தன்னார்வத் தொடர்பாளரான திருமதி தமிழரசி என்பவர் தொலைபேசியில் வந்த தகவலை உரிய காலத்தில் தெரிவிக்கத் தவறியதாகத் தெரிகிறது என்று அதில் இருந்தது.

தன்னார்வத் தொடர்பாளர். அப்படி ஒரு பதவி இருப்பதே அவளுக்கு அந்தத் தாளைப் பார்த்துத்தான் தெரிந்தது.

அடுத்த திங்கட்கிழமை ரெண்டு பேரும் லீவு போட்டுவிட்டுச் செங்கல்பட்டுக்குப் போனார்கள். குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் வரிசையில் நின்று மனுக் கொடுத்தார்கள். மனுவை வாங்கி, எண் போட்டு, ரசீது கொடுத்தார்கள். வெளியே மரத்தடியில் மனு எழுதிக் கொடுக்கிற பெரியவர் ஒருவர் அந்த ரசீதைப் பார்த்துவிட்டு, இது சுற்றிச் சுற்றி உங்கள் ஊராட்சிக்கேதான் போய்ச் சேரும், உங்களுக்கு விவரம் வேண்டும் என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள் என்றார். பத்து ரூபாய் ஸ்டாம்பு ஒட்டினால் போதும். ஏன் வேண்டும் என்று காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. முப்பது நாளில் பதில் சொல்லியாக வேண்டும். தமிழரசிக்கு அது நம்ப முடியாததாக இருந்தது. கேட்டால் சொல்லியே ஆக வேண்டும் என்று ஒரு சட்டம் இருந்தும், ஊரில் ஒருவரும் இதுவரை ஒன்றும் கேட்கவில்லையா என்று வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தாள்.

ஜாய்ஸ் சொல்லச் சொல்லத் தமிழரசியே தன் கையால் எழுதினாள். ரெண்டு கேள்விதான். என் கைப்பேசி எண்ணை என்னைக் கேட்காமல் சுவரில் எழுதச் சொன்னவர் யார், அவர் பெயரும் பதவியும் வேண்டும். அந்த எண்ணுக்கு வந்து நான் தெரிவித்த புகார்கள் மேல் என்ன நடவடிக்கை எடுத்தீர்கள், விளக்குக் கம்பம் உட்பட. கீழே தன் பெயர், கதவு எண், தெரு, போன் நம்பர் எல்லாவற்றையும் சட்டப்படி எழுதி, ஒன்றிய அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினாள்.

பதில் வருவதற்கு முன்னால் அந்த மனுவே திரும்பி வந்தது, வேறு வழியில். யாரோ அதைப் போட்டோ எடுத்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார்கள். அவள் கையெழுத்து, முகவரி, நம்பர் எல்லாம் அப்படியே. நம்ம ஊருக்கு வர்ற வேலைய நிறுத்தப் பாக்குறாங்க என்று கீழே ஒருவர் எழுதியிருந்தார். கரையில் ஆட்கள் நீலமேகத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். நம் குப்பத்துக்கு மீன் இறங்குதளம் கட்ட ஊராட்சியில் அனுமதி கிடைக்கிற நேரத்தில் உன் பெண்டாட்டிக்கு எதற்கு இந்த வேலை என்றார்கள். அவன் வீட்டுக்கு வந்து தட்டை எறிந்தான். ஓட்டலிலும் விஷயம் போய்விட்டது. ஊராட்சியோடு தகராறு வைத்துக்கொண்டால் எங்கள் லைசென்சுக்கு யார் கையெழுத்துப் போடுவார்கள் என்று சூப்பர்வைசர் மெதுவாகக் கேட்டார். அடுத்த வாரம் துணி அறைக்கு வேறு ஆள். தமிழரசி கக்கூஸ் கழுவும் பக்கம் போனாள்.

அப்புறம் பதில் வந்தது. முதல் கேள்விக்கு: கோரப்படும் பெயர் தனிநபர் சார்ந்த விவரம் என்பதால் சட்டப்படி வழங்க இயலாது. இரண்டாவதற்கு: தகவல் தொகுக்கப்பட்டு வருகிறது.

அவள் அதை ரெண்டு முறை படித்தாள். நீலமேகம் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டான்.

"அவன் பேரச் சொன்னா அவனுக்குக் கஷ்டமாம்யா. அது அவன் சொந்த விவரமாம். என் நம்பரு மட்டும் செவுத்துல கீது, நாய் மூத்திரம் அடிக்கிற செவுத்துல" என்றாள்.

நீலமேகம் தாளை வாங்கிப் பார்த்தான். அவனுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். வெகுநேரம் பார்த்துவிட்டு, மேலே எங்கே போகணுமோ போ என்றான். அவன் அவளுக்காகப் பேசிய ஒரே வார்த்தை அது.

மேல்முறையீடு செய்யலாம் என்று சட்டத்தில் இருந்தது. அதற்கு ஜாய்ஸோடு உட்கார்ந்து எழுத வேண்டும் என்று நினைத்திருந்த வேளையில் ஜாய்ஸே கூப்பிட்டாள். கம்பெனி வேலையை அவள் விட்டுவிட்டாள். அந்த இடத்தில் போய் நின்று பஸ் ஏற அவளால் முடியவில்லை. அம்மா இல்லாத வீடு, தம்பி படிக்கிறான். ஒன்றிய அலுவலகத்தில் தற்காலிகமாகக் கம்ப்யூட்டர் வேலை தருகிறார்கள். அப்பா போனதற்கு ஒரு ஆறுதலாக அதிகாரியே பார்த்துக் கொடுத்தாராம். நிரந்தரம் ஆனாலும் ஆகலாம். இதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, இனிமேல் மனுவுக்கெல்லாம் என்னால் வர முடியாது அக்கா, கோவிச்சுக்காதீங்க என்றாள். கோபப்படத் தமிழரசிக்கு என்ன உரிமை இருக்கிறது. நல்லா இரும்மா என்றாள். மனசாரத்தான் சொன்னாள்.

மேல்முறையீட்டை அவளே தட்டுத் தடுமாறி எழுதினாள். விசாரணைக்குக் கூப்பிட்ட அதிகாரி வயதில் சின்னவர். அவளுக்கு டீ வாங்கி வர ஆளை அனுப்பினார். அவள் சொன்னதை எல்லாம் கேட்டு, உங்களுக்கு நடந்தது தப்பும்மா என்று வாய்விட்டே சொன்னார். இத்தனை நாளில் ஆபீஸ் மனிதர் ஒருவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"உங்க நம்பரை உடனே அழிக்கச் சொல்லி உத்தரவு போடறேன். அது உங்க உரிமை" என்றார்.

"எழுதுனவரு பேரு, சார்?"

"அது அவரோட உரிமைம்மா" என்றார் அதே கனிவோடு.

இரண்டாம் கேள்விக்கான பதில் தயாராக இருக்கும், ரெண்டு வாரம் கழித்து ஒன்றிய அலுவலகத்துக்கு நேரில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்.

போன அன்றைக்கு மின்விசிறிக்குக் கீழே கம்ப்யூட்டர் மேஜையில் ஜாய்ஸ் உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் அடையாள அட்டை. தமிழரசியைப் பார்த்ததும் எழுந்தாள், பிறகு பக்கத்து மேஜைக்காரர் பார்ப்பதைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். உறையை எடுத்துக் கொடுத்து, பதிவேட்டில் கையெழுத்துக்கு இடம் காட்டினாள். தமிழரசி அங்கேயே பிரித்தாள். புகார்கள் தேதிவாரியாக அழகாகத் தட்டச்சாகி இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே சரி செய்யப்பட்டது, சரி செய்யப்பட்டது என்று இருந்தது. வராத தண்ணீர் வந்திருந்தது. அள்ளாத குப்பை அள்ளப்பட்டிருந்தது. காலனி முனை விளக்குக் கம்பத்துக்கு எதிரேயும் அதேதான். புரட்டாசி மாதத்துத் தேதி. ஏசுதாஸ் சாவதற்கு முன்னால்.

தாளின் அடியில் தட்டச்சு செய்தவரின் முதலெழுத்து பொடியாகப் போட்டிருந்தது. ஜா.

தமிழரசி நிமிர்ந்து பார்த்தாள். ஜாய்ஸ் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீயா அடிச்ச?" என்று தணிந்த குரலில் கேட்டாள்.

"அவங்க எழுதிக் குடுத்தத அடிச்சேன்க்கா" என்றாள் ஜாய்ஸ். அவள் விரல்கள் விசைப்பலகையின் மேல் அப்படியே இருந்தன, அழுத்தாமல். "மூணு தடவ எந்திரிச்சு வெளிய போனேன். சாமுக்குக் கடைசி வருஷம்."

பக்கத்து மேஜைக்காரர் என்னம்மா, ஏதாவது சந்தேகமா என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றாள் தமிழரசி. பதிவேட்டில் பெற்றுக்கொண்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தாள். பஸ்ஸில் உறையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அந்தப் பெண் மேல் கோபம் வரும் என்று பார்த்தாள், வரவில்லை. அழுகையும் வரவில்லை. வாயெல்லாம் கசந்தது, அவ்வளவுதான்.

இதற்கும் மேலே சென்னையில் ஆணையம் இருந்தது. அங்கே போகலாம். ஆனால் அந்தப் பதில் பொய் என்று எதைக் காட்டி நிரூபிப்பது? விசாரணை அறிக்கையின் நகலும் ஜாய்ஸ் வீட்டில்தான் இருந்தது. மூன்று முறை புகார் சொன்னவள், கம்பம் சரியாகவில்லை என்று கண்ணால் பார்த்தவள், அதற்குத் தகப்பனைக் கொடுத்தவள், அந்த ஒன்றிய ஆபீசிலேயே மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறாள், அவளைக் கேளுங்கள் என்று எழுத வேண்டும். அப்படித்தான் முதலில் எழுதினாள். ஜாய்ஸ் என்று பெயரையும் எழுதிவிட்டாள். அந்தப் பெயரோடு தாள் மூன்று நாள் சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது. தன்னைக் கேட்காமல் தன் எண்ணை எடுத்துப் போட்டவன்மேல் ஆத்திரப்பட்டு, இந்தப் பெண்ணைக் கேட்காமல் இவள் பெயரை எடுத்துப் போடப் போகிறோமே என்று தோன்றியது. அது நியாயமா, வெறும் பயமா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. வேறு தாள் எடுத்து எழுதினாள். கம்பத்தைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. சுவரில் எழுதச் சொன்னது யார் என்ற கேள்வி மட்டும் ஆணையத்துக்குப் போனது. பெற்றுக்கொண்டதாக அங்கிருந்து ஒரு அட்டை வந்தது. அதற்குப் பிறகு வருஷம் ஒன்றைத் தாண்டியும் ஒன்றும் வரவில்லை. ஏசுதாஸின் சாவு, ஆபீஸ் கணக்கில், சரி செய்யப்பட்ட கம்பத்தில் அவராகப் போய்த் தொட்டுச் செத்த சாவாக நின்றுவிட்டது.

மேல்முறையீட்டை விசாரித்த அதிகாரி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். சுவரில் அவள் நம்பரின் மேல் கருப்பு பெயிண்டைப் பூசினார்கள். வேறு நம்பர் எதையும் எழுதவில்லை. கூப்பிடுவது மெல்ல மெல்ல நின்றது. ஏற்கெனவே நம்பரைச் சேமித்து வைத்திருந்த சிலர் மட்டும் கூப்பிட்டார்கள். இனிமேல் என்னிடம் சொல்லாதீர்கள் என்று அவள் கண்டிப்பாகச் சொன்னாள். சித்திரையில் காலனிக்குப் பத்து நாள் தண்ணீர் வராதபோது, சந்தையில் மீன் வாங்க வந்த காலனிப் பெண்கள் அவளைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர்களில் ஒருத்தி அவள் காதில் விழும்படி, ஏழைபாழைக்குச் சொல்ல ஒரு நம்பர் இருந்துச்சு, அதையும் கேஸ் போட்டு அழிச்சிட்டா மகராசி என்றாள். தமிழரசி காய்க்குப் பேரம் பேசாமல் கேட்ட விலைக்கு வாங்கிக்கொண்டு நகர்ந்தாள்.

போன தையில் திருக்கழுக்குன்றம் பஸ் ஸ்டாண்டில் ராமானுஜத்தைப் பார்த்தாள். ரிட்டயர் ஆகிவிட்டார். முட்டி வலிக்கு வைத்தியம் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். அவராகவே நொண்டிக்கொண்டு கிட்டே வந்து, பையன் என்ன படிக்கிறான், நீலமேகத்துக்குத் தொழில் எப்படி என்றெல்லாம் பிரியமாக விசாரித்தார். அவள் தயங்கித் தயங்கித்தான் கேட்டாள். அந்த நம்பரை எழுதச் சொன்னது யார் சார், இப்பவாவது சொல்லுங்க.

ராமானுஜம் சிரித்தார். "நாந்தாம்மா. இன்னும் அதையே நெனச்சிகினு கீறியா? பெயிண்டர் வந்து நம்பர் சொல்லு சார்ன்னு நின்னுகினு கீறான். என் நம்பரப் போட்டா ராவும் பகலும் பேஜாரு. மேஜ மேல உன் மனு கெடந்துச்சு. பாத்துச் சொல்லிட்டேன். அவ்ளோதான், வேற ஒண்ணும் இல்ல" என்றார். அவர் குரலில் கள்ளம் இல்லை. ஒளிக்க வேண்டிய விஷயமாக அது அவருக்குத் தோன்றவே இல்லை. இதற்காகப் போய் நீ சென்னை வரைக்கும் எழுதினாயே, ஆபீசில் பேசிக்கொண்டார்கள் என்று குறைபட்டுக்கொண்டார்.

தமிழரசி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏசுதாஸ் என்ற பெயரைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். அதற்குள் அவர் பஸ் வந்துவிட்டது. படியில் காலைத் தூக்கி வைக்க முடியாமல் அவர் தடுமாற, அவள்தான் முழங்கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள். ஜன்னலோரம் உட்கார்ந்து, அடுத்த மாதம் மகனுக்குக் கல்யாணம், குடும்பத்தோடு வந்துவிட வேண்டும், நம்பர்தான் இருக்கிறதே, பத்திரிகை அனுப்புகிறேன் என்று சொல்லிக் கையாட்டினார்.

அவள் வீடு வந்து சேர்வதற்குள் வாட்ஸ்அப்பில் பத்திரிகை வந்திருந்தது. சுற்றமும் நட்பும் சூழ வருகை தர வேண்டும் என்று தங்க எழுத்தில் இருந்தது. நீலமேகத்திடம் பஸ் ஸ்டாண்டில் நடந்ததைச் சொன்னாள். அவன் வலையிலிருந்து கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தான். போகப் போகிறாயா என்று மட்டும் கேட்டான். அவள் மறுநாள் காலை ஷிப்ட்டுக்கு யூனிபார்மைத் தேய்த்து மாட்டிவிட்டு, அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.